ஸ்ட்ரெச் மார்க்குக்கு எந்த லேசர்? கோட்டின் நிறமும் தோலின் நிறமும் பார்த்து முடிவெடுக்க

பிரசவமானவர்களுக்கு வயிற்றில், வளரும் பிள்ளைகளுக்குத் தொடையிலும் இடுப்பிலும், ஜிம்மில் வேகமாக உடம்பை ஏற்றியவர்களுக்குத் தோள்பட்டையில் என்று ஸ்ட்ரெச் மார்க் வரும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: லேசர் போட்டால் போகுமா, போகுமென்றால் எந்த லேசர்? விசாரிக்கப் போனால் ஓரிடத்தில் கார்பன் டை ஆக்சைடு என்கிறார்கள், அடுத்த இடத்தில் எர்பியம், இன்னோர் இடத்தில் ஊசி. பெரும்பாலும் அவரவரிடம் இருக்கும் இயந்திரமே சிறந்ததாகச் சொல்லப்படுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெச் மார்க்கை அடியோடு அழிக்கிற சிகிச்சை இன்றுவரை கிடையாது. தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் இழுபட்டு அறுந்து, அந்த இடம் தழும்பாக ஆறியதுதான் இந்தக் கோடு. அதற்கு மேலிருக்கும் மேல்தோலும் மெலிந்து சுருங்கியிருக்கும். லேசரால் மூன்று வேலைகள் நடக்கும்: கோட்டைச் சிவப்பாகக் காட்டும் ரத்தக்குழாய்களைச் சுருக்கலாம், புதுக் கொலாஜன் உருவாகத் தூண்டலாம், வெளுத்த இடத்தில் நிறமியை எழுப்பலாம். இந்த மூன்றையும் ஒரே இயந்திரம் நன்றாகச் செய்வதில்லை. ஆகவே உங்கள் கோட்டுக்கு இந்த மூன்றில் எது தேவை என்று கண்டுகொண்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கோட்டின் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தைக் கோட்டின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால் அங்கே ரத்தக்குழாய்கள் இன்னும் விரிந்திருக்கின்றன என்று பொருள். கோடு புதியது, சிகிச்சைக்கு நன்றாக மசியக்கூடியது. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே வெளுப்பாக இருந்தால் அது முதிர்ந்த கோடு. கருநிறத் தோலில் புதுக் கோடு பளிச்சென்று சிவக்காது. கருநீலமாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும். அதைப் பழைய கோடு என்று எண்ணிவிடக் கூடாது.

தோலின் நிறம். வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து 1975இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிவைத்து, பின்னால் ஆறு வகைகளாக விரிந்த முறையைத்தான் லேசர் அறைகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மாநிறமும் கருநிறமும் நான்கிலிருந்து ஆறு வரையிலான வகைகளில் வரும். இந்தத் தோலில் கொசுக்கடி, பரு, சூடு எதுவானாலும் ஆறியபின் கறுப்பு விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். லேசரும் தோலுக்கு ஒரு காயம்தான். தேர்வில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் அளவுகோல் இதுவே.

பள்ளமா, நிறமா? இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தோலைப் பாருங்கள். கோட்டுக்குள் நிழல் விழுந்தால், கண்ணை மூடி விரலால் தடவும்போது சின்னச் சறுக்கல் தெரிந்தால், உங்கள் குறை பள்ளம். நிழலே இல்லாமல் வெள்ளை வரி மட்டும் தெரிந்தால் உங்கள் குறை நிறம். இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம்.

பரப்பளவு. விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை, உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அடிவயிறு, இரண்டு தொடை, இரண்டு இடுப்பு என்று எத்தனை உள்ளங்கை வருகிறது என எண்ணிக்கொள்ளுங்கள். கட்டணம், வலி, மரத்துப்போகும் க்ரீமின் அளவு மூன்றும் இதோடுதான் ஏறும்.

ஆறும் நாட்கள். முகத்தைவிட வயிறும் தொடையும் மெதுவாகத்தான் ஆறும். மேல்தோல் திரும்ப முளைப்பது பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்தும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும்தான். முகத்தில் அவை அடர்த்தி, வயிற்றில் குறைவு. முகத்துக்குச் சொல்லும் நாள்கணக்கை வயிற்றுக்கு நம்பாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. விரலகலத்துக்கு அடர் ஊதாவாகக் கோடுகள் வந்து, கூடவே முகம் உப்பி, தொட்டாலே ரத்தம் கன்றி, மாடிப்படி ஏற முடியாமல் தொடை தளர்ந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. அது கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுதியால் வரும் குஷிங் நோயாக இருக்கலாம். தொடை இடுக்கில் படர்தாமரைக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவி வந்த கோடுகள் என்றால், மருத்துவர் சொற்படி க்ரீமை நிறுத்தாமல் எந்த லேசரும் வீண்.

## பல்ஸ்ட் டை லேசர்: 585, 595 நானோமீட்டர்

இதன் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளும். கோட்டுக்குள் விரிந்திருக்கும் நுண்குழாய்கள் சூடாகிச் சுருங்க, சிவப்பு குறையும். வெளிர்நிறத் தோலில், இன்னும் சிவப்பாக இருக்கும் கோட்டுக்கு இதற்கு நல்ல இடம் உண்டு. மேல்தோல் உடையாது. அதிக ஆற்றலில் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாள் ஊதாக் கன்றல் இருக்கும்.

இதே ஒளியைத் தோலின் நிறமியான மெலனினும் நன்றாக உறிஞ்சும் என்பதுதான் சிக்கல். தோல் கருக்கக் கருக்க ஒளி ரத்தக்குழாயை எட்டுமுன்பே மேலே தங்கிச் சுடும். கொப்புளம், அதன்பின் கறுப்போ வெளுப்போ வரும். ஐந்தாம், ஆறாம் வகைத் தோலுக்கு இதை எடுக்காமல் இருப்பதே சரி. வெள்ளைக் கோட்டில் ஒளியை உறிஞ்ச விரிந்த ரத்தக்குழாய்கள் இல்லாததால் பயன் மிகக் குறைவு.

கருநிறத் தோலில் புதுக் கோடு என்றால் 1,064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் உண்டு. அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளி ஆழமாகவும் போகும். ஆழமாகப் போவதாலேயே வலி அதிகம், குளிர்விக்கும் முனை சரியாக வேலை செய்ய வேண்டும்.

## மேல்தோலை உடைக்காத ஃப்ராக்‌ஷனல்: 1,540, 1,550 நானோமீட்டர்

2004இல் வெளிவந்த ஃப்ராக்‌ஷனல் முறை தோல் லேசரின் போக்கையே மாற்றியது. பரப்பு முழுவதையும் சுடாமல், மயிரிழை பருமனுள்ள நுண்தூண்களாகச் சூட்டை இறக்கி, தூணுக்குத் தூண் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். விட்டுவைத்த தோலிலிருந்து ஆறுதல் தொடங்கும். இந்த அலைநீளங்களைத் தரும் எர்பியம் கண்ணாடி லேசர்கள் தோலிலுள்ள நீரை இலக்காகக் கொண்டு உள்தோலைச் சூடாக்கும். மேலிருக்கும் தடுப்பு உடைவதில்லை.

வெள்ளை, சிவப்பு இரண்டு வகைக் கோட்டுக்கும் இது பொருந்தும். பள்ளமும் ஓரளவு மேலெழும். வழக்கமாக 4 முதல் 6 சிட்டிங், நடுவே நான்கு வார இடைவெளி. இரண்டு மூன்று நாள் சிவந்து வீங்கி, பிறகு தோல் மணல்தாள் போலச் சொரசொரவென்று இருந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். கொலாஜன் மெதுவாகத்தான் உருவாகும். கடைசி சிட்டிங்குக்கு மூன்று முதல் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தை வைத்தே பலனைக் கணிக்க வேண்டும். இரண்டாவது சிட்டிங்கில் 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று ஆற்றலைக் கூட்டச் சொல்பவர்கள்தான் பெரும்பாலும் கறுப்பு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மாநிறத்துக்கு இதைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும். ஆனால் அடர்த்தியை, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை தூண் என்பதைக் குறைக்க வேண்டும். கறுப்பு வருவதற்கு ஆற்றலைவிட அடர்த்தியே பெரிய காரணம். ஒரே இடத்தில் முனையை அடுத்தடுத்து ஓட்டும்போது சூடு சேர்ந்துகொள்வதும் அப்படியே. இந்த இரண்டையும் தெரிந்து குறைப்பவர் கையில் இயந்திரம் இருக்க வேண்டும்.

## மேல்தோலைத் துளைக்கும் ஃப்ராக்‌ஷனல்: கார்பன் டை ஆக்சைடு, எர்பியம் யாக்

10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரும் 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரும் தோலில் நிஜமாகவே நுண்துளை போடுபவை. சிட்டிங் குறைவு: பெரும்பாலும் 2 முதல் 4, இடைவெளி ஆறு முதல் எட்டு வாரம். ஆழமான பள்ளமுள்ள வெள்ளைக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைச் சீக்கிரம் தருவதும் இவைதான். விளம்பரங்களில் முன்னுக்கு நிற்பதற்குக் காரணமும் அதுவே.

விலை வேறிடத்தில் இருக்கிறது. ஓரிரு நாள் நீர் கசியும். பிறகு கட்டம் போட்ட நோட்டுத்தாள் போல வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், சின்னப் பொருக்குகள். வயிற்றில் அவை உதிர பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். சிவப்பு வாரக்கணக்கில் நிற்கும். மாநிற, கருநிறத் தோலில் மூன்றாவது நான்காவது வாரம் அந்தக் கட்டங்கள் இருந்த இடத்திலேயே கறுப்பு தலைகாட்டும். அது மங்க மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஆண்டு தாண்டும். வெள்ளைக் கோட்டை மறைக்கப் போய், கோட்டோடு சேர்ந்து சுற்றுத்தோலும் கறுத்த வயிறோடு வீட்டுக்கு வந்தவர்களின் துயரம் சின்னதில்லை.

இரண்டில் எர்பியம் யாக்கின் ஒளியை நீர் பல மடங்கு அதிகமாக உறிஞ்சுவதால், சுற்றுத்தோலுக்குப் பரவும் சூடு குறைவு. கறுப்பு அபாயமும் சற்றுக் குறைவு. கொலாஜன் இறுக்கத்தில் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு பிடி கூடுதல்.

## எக்சைமர்: 308 நானோமீட்டர்

வெண்புள்ளிக்குப் பயன்படும் அதே புறஊதா ஒளி. வெள்ளைக் கோட்டில் நிறமியை எழுப்பும், பள்ளத்தைத் தொடாது. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, பல வாரங்கள் போக வேண்டும். நிறுத்தினால் சில மாதத்தில் வெளுப்பு திரும்பும். ஆகவே பராமரிப்பு சிட்டிங் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒளி கோட்டின் ஓரத்துக்கு வெளியே வழிந்தால் சுற்றுத்தோல் கறுத்து, கோடு முன்னைவிட எடுப்பாகத் தெரியும். நான்கைந்து கோடுகள் மட்டும் உள்ளவருக்கு யோசிக்கலாம். வயிறு முழுக்க வரிகள் உள்ளவருக்கு இது கட்டுப்படியாகாது.

## லேசர் இல்லாமல் ஊசி

மைக்ரோநீட்லிங்கில் 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நுண்ணூசிகள் இறங்கும். புள்ளி புள்ளியாக ரத்தம் அரும்பும்போது நிறுத்துவார்கள். இங்கே ஒளி இல்லை, சூடு இல்லை, ஆகவே மெலனினோடு மோதல் இல்லை. 3 முதல் 6 சிட்டிங், மாதம் ஒன்று. இரண்டு மூன்று நாளில் சிவப்பு இறங்கும். வெள்ளைக் கோட்டில் இதன் பலன் ஃப்ராக்‌ஷனல் லேசருக்கு அருகில் வருவதாகவும், கறுப்பு குறைவாக வருவதாகவும் ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருநிறத் தோலுக்கு எல்லாச் சிகிச்சைகளிலும் முதலில் நான் வைப்பது இதைத்தான்.

தவறு நடக்கும் இடம் இரண்டு. ஊசித் தலையை ஒருவருக்குப் போட்டு இன்னொருவருக்கும் போடுவது முதலாவது. உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். துளை திறந்திருக்கும்போதே வைட்டமின் சி சீரம் போன்றவற்றைத் தடவுவது அடுத்தது. மேலே தடவ வேண்டியது உள்ளே போனால் தோலில் ஒவ்வாமைக் கட்டிகள் எழும்பலாம். வீட்டில் உருட்டும் டெர்மா ரோலரின் குட்டை ஊசி உள்தோலின் தழும்பை எட்டாது. நீள ஊசியை வீட்டில் உருட்டுவது தொற்றுக்கு வழி.

ஊசிமுனையில் ரேடியோ அலைச் சூட்டையும் கொடுக்கும் வகை இன்னொன்று. தொளதொளப்பும் சேர்ந்திருந்தால் கூடுதல் பலன் கிடைக்கலாம். ஆனால் தீக்காயம், அடிக்கொழுப்பு கரைந்து குழிவது போன்ற பாதிப்புகளும் இதில் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது.

## தடவும் மருந்தும், சும்மா விடுவதும்

புதுச் சிவப்புக் கோட்டுக்கு 0.1 சதவீத ட்ரெட்டினாயின் க்ரீம் ஆறு மாதம் இரவில் தடவினால் நீளமும் அகலமும் ஓரளவு குறையும் என்று 1996இல் வந்த ஆய்வு காட்டியது. தோல் எரிந்து உரியும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்துக்கு முயல்பவர், பாலூட்டுபவர் தொடக் கூடாது. வெள்ளைக் கோட்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கோகோ வெண்ணெய், ஆலிவ் எண்ணெய் தடவினால் கோடு வராது என்பதைச் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. அரிப்பு அடங்கும், தோல் மென்மையாகும். அந்த அளவில் தடவலாம்.

எதுவும் செய்யாமல் விட்டாலும் சிவப்பு பெரும்பாலும் ஓராண்டு ஈராண்டில் வெளிறிப் பார்வையிலிருந்து விலகும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவருக்கும், எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவருக்கும், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இதுவே நல்ல முடிவு. தோல் மறுபடி இழுபடப் போகிறதென்றால் இன்றைய சிட்டிங் காசு வீண்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எந்தக் கோடு | கருநிறத் தோலில் | சிட்டிங் | ஆற |
|---|---|---|---|---|
| பல்ஸ்ட் டை | சிவப்பு | தவிர்க்கவும் | சில, மாத இடைவெளி | கன்றல் 7–10 நாள் |
| என்டி யாக் 1,064 | சிவப்பு | ஏற்கலாம் | சில, மாத இடைவெளி | ஓரிரு நாள் |
| 1,540 / 1,550 | இரண்டும் | குறைந்த அடர்த்தியில் | 4–6 | 3 நாள் சிவப்பு, 1–2 வாரம் சொரசொரப்பு |
| கார்பன் டை ஆக்சைடு, எர்பியம் யாக் | பள்ளமான வெள்ளை | கறுப்பு அபாயம் அதிகம் | 2–4 | 7–14 நாள், சிவப்பு வாரக்கணக்கில் |
| எக்சைமர் 308 | பள்ளமில்லா வெள்ளை | ஓரம் கறுக்கலாம் | பல, பிறகு பராமரிப்பு | மிகக் குறைவு |
| மைக்ரோநீட்லிங் | இரண்டும் | பாதுகாப்பு அதிகம் | 3–6 | 2–3 நாள் |
| ட்ரெட்டினாயின் | புதுச் சிவப்பு | எரிச்சல் வந்தால் கறுக்கலாம் | ஆறு மாதம் தினமும் | உரிதல் |

## ரசீதில் வராத செலவு

கட்டணத்தை 'ஒரு சிட்டிங்குக்கு' என்று சொன்னால் அது முழு வயிற்றுக்கா, ஓர் உள்ளங்கை அளவுக்கா என்று கேளுங்கள். ஒரு சிட்டிங்கின் தொகையை எண்ணிக்கையால் பெருக்கி, அதோடு ஒவ்வொரு முறையும் மரத்துப்போகும் க்ரீம், ஆறும்வரை வாசனையில்லாத வாஸ்லின், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், விடுப்பு நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால்தான் நிஜத் தொகை. கறுப்பு வந்துவிட்டால் அதை மங்கவைக்கும் க்ரீமுக்கும் மாதக்கணக்கில் செலவு. முதல் தொகை குறைவாகத் தெரிந்த கார்பன் டை ஆக்சைடு, கடைசியில் மைக்ரோநீட்லிங்கைவிட அதிகமாக முடிவது இந்த இடத்தில்தான்.

மரத்துப்போகும் க்ரீமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிறு, இரண்டு தொடை மூன்றுக்கும் ஒரே நாளில் கட்டித் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் க்ரீமில் உள்ள மரத்துவைக்கும் மருந்தான லிடோகேய்ன் ரத்தத்துக்குள் போகும். உதடு மரத்து, காது இரைந்து, தலை சுற்றினால் அதுதான் அறிகுறி. உடனே துடைத்தெடுத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பெரிய பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேறு வேறு நாளில் செய்வதே ஒழுங்கு.

## யாருக்கு எது

வெளிர்நிறத் தோல், புதுச் சிவப்புக் கோடு: பல்ஸ்ட் டை. மாநிறம் அல்லது கருநிறம், புதுக் கோடு, கர்ப்பமோ அதற்கான முயற்சியோ பாலூட்டலோ இல்லை: ட்ரெட்டினாயினில் தொடங்கி, மூன்று மாதத்தில் போதவில்லை என்றால் என்டி யாக் அல்லது மைக்ரோநீட்லிங். மாநிறம், வெள்ளைக் கோடு, லேசான பள்ளம்: மைக்ரோநீட்லிங்கும் 1,550உம் ஏறக்குறைய சமம். கைதேர்ந்தவர் எதில் இருக்கிறாரோ அதையே எடுங்கள். ஆழப் பள்ளம், வெளிர் அல்லது மிதமான மாநிறம், இரண்டு வாரம் வெயிலையும் இறுக்கமான உடையையும் தவிர்க்க முடியும்: அப்போது மட்டும் கார்பன் டை ஆக்சைடு. தொப்புளுக்குக் கீழே கோடும் தொங்கும் தோலும் சேர்ந்து, இனிக் குழந்தை வேண்டாம் என்றும் இருந்தால் லேசரில் காசைக் கரைக்காமல் வயிற்றுத் தோலை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேளுங்கள். வெட்டியெடுக்கும் தோலோடு அங்கிருந்த கோடும் போய்விடும். பதிலுக்கு அடிவயிற்றில் நீளத் தையல் தழும்பு ஒன்று நிற்கும்.

## முன்பணம் கட்டும் முன்

பழைய காயம் ஆறியபின் தழும்பாகத் தடித்து வளரும் உடல்வாகு (கீலாய்டு), பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, சமீபத்தில் வெயிலில் கறுத்த தோல், சர்க்கரை நோய் இவற்றை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இயந்திரத்தின் பெயரோடு அலைநீளத்தையும் கேளுங்கள். முடி நீக்கும் டையோடு லேசரையும் ஐ.பி.எல். விளக்கையும் 'ஸ்ட்ரெச் மார்க் லேசர்' என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஐ.பி.எல். என்பது பல அலைநீளங்கள் கலந்த ஒளியைப் பாய்ச்சும் விளக்கு, லேசரே கிடையாது.

முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினால் வெளிச்சத்தைப் பாருங்கள். முதல் படம் பக்க வெளிச்சத்தில், அடுத்தது நேர் ஃபிளாஷில் என்றால் எந்தப் பள்ளமும் மறைந்துதான் தெரியும். உங்கள் படத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

முழுத் தொகுப்புக்கும் பணம் கட்டும் முன் உள்ளாடைக்குள் மறையும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சோதனை போடச் சொல்லுங்கள். அந்த இடத்தை ஆறு வாரம் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் அழகாக ஆறிய இடம் நாலாவது வாரத்தில் கறுக்கலாம் என்பதால்தான் இத்தனை நாள். 'சோதனையெல்லாம் எதற்கு, நாளைக்கே முழு வயிற்றையும் ஆரம்பிக்கலாம்' என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குப் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.